பலாத்தூள்

சந்தாபுராவில் ஆனேகல் ரோட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் என் பட்டறை. போன ஆடியில் ஒரு அம்மா ஊஞ்சல் பலகை ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தருமபுரிப் பக்கம் பூர்வீக வீட்டை விற்றபோது இதை மட்டும் விட மனம் வரவில்லையாம். பலா மரம். ஓரத்தில் முடிச்சு உதிர்ந்து, விரல் நுழைகிற பொந்து. அங்கிருந்து சங்கிலித் துளையை நோக்கி ஒரு சாண் வெடிப்பு.

"ஓட்டை தெரியக் கூடாது தம்பி. அதுக்காகப் புதுசாட்டம் ஆக்கிடாதே" என்றார்கள்.

பலாவின் வைரம் இழைத்த அன்று மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறும். பொந்தில் அடைக்கிற எப்பாக்ஸி மரத்தோடு சேர்ந்து அப்படி முதிராது. புதிதாக இழைத்து, அந்த மஞ்சளுக்குப் பொருத்தி அடைத்தால் சில வருஷத்தில் வெளிறிய தழும்பாகத் துருத்தும். அதனால் மேல்முகத்தில் இழைப்புளியே வைக்கவில்லை. அடிப்பக்கத்தை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, விழுந்த தூளை மெல்லிய துணியில் சலித்தேன். எப்பாக்ஸி ரெசினில் கலந்து பொந்தை அடைக்க ரம்பத்தூள் உதவாது; காய்ந்தபின் பொட்டுப் பொட்டாகத் தெரியும். தேய்த்த தூள் மாவு போல இருக்கும். ரெசினில் நனைந்ததும் அது நன்றாகக் கறுக்கும் என்பதால், கழிவுத் துண்டு ஒன்றில் மூன்று விதமாகக் கலந்து காயவிட்டு, பலகையின் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் ஒன்றை எடுத்தேன். அந்த ஒரு நாளை நான் வீணாக நினைப்பதில்லை.

வெடிப்பின் கதை வேறு. ஆள் உட்காரும் பாரம் அதன் மேல் விழும். முதலில் எதுவும் கலக்காத ரெசினை விட்டேன். நீர்த்திருப்பதால் மரத்தின் இழைக்குள் இறங்கும். பிறகு சிலிக்கா பொடி சேர்த்து இட்லி மாவுப் பதத்தில் அடைத்துக் கிளாம்ப் போட்டேன். மைக்ரோபலூன் என்கிற உள்ளீடற்ற நுண்மணிப் பொடி தேய்க்கச் சுலபம்தான், ஆனால் பாரம் விழும் இடத்துக்கு ஆகாது. அதற்கு மேலும் நம்பாமல் அடியில் ஒரு சட்டம் கொடுத்தேன். பசைக்குள் பொடி சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. கத்தியின் வாலைப் பிடிக்குள் இறுக்க அரக்கோடு செங்கல்பொடி கலந்தவர்கள் நம் கைவினைஞர்கள்.

நான் வாங்கும் ரெசினுக்கு 100 கிராமுக்கு 10 கிராம் ஹார்டனர், எடைக் கணக்கு. ஆரம்ப காலத்தில் ஒரு மேஜைக்கு, குளிர்நாளில் சீக்கிரம் இறுகட்டும் என்று 15 கிராம் விட்டேன். ஃபைபர் வேலையில் பாலியெஸ்டருக்கு அப்படிக் கூட்டிக் குறைப்பார்கள். எப்பாக்ஸியில் ஹார்டனரும் வினையில் சரிபங்காளி. மிஞ்சியது சேர ஆளில்லாமல் நின்றுவிடும். அந்த மேஜை பிசுபிசுத்தபடியே கிடந்தது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்தேன். இப்போது 0.1 கிராம் காட்டும் தராசு இல்லாமல் டப்பாவைத் திறப்பதில்லை. குளிர்ந்தால் மரத்தைத்தான் சூடாக்குகிறேன்.

ஆடித் தூறல் இன்னொன்றும் செய்யும். காற்றில் ஈரம் இருந்தால், காய்ந்த ரெசின் மேல் மெழுகு போல ஒரு வழுவழுப்பு படரும். அதன் மேல் உப்புத்தாள் போட்டால் அழுக்கை உள்ளே தேய்த்த மாதிரி. அடுத்த பூச்சு ஒட்டாது. வெறும் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் தேய்க்க வேண்டும்.

பத்தாம் நாள் அந்த அம்மா வந்து, பொந்து இருந்த இடத்தைக் கண்ணால் தேடி, கடைசியில் விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார்கள். மிச்சமிருந்த தூளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினேன். மர வேலை செய்கிறவர்களே, பழைய மரத்தைத் தேய்க்கும்போது தூளைப் பெருக்கிக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். பெயர் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அந்த மரத்துக்குப் பொருந்தும் நிறம் கடையில் கிடைக்காது.