சோற்றோடு முகவரியும் கொடுங்கள்

வீடற்றவர்களைப் பற்றியும் அவர்களுக்கு உதவும் அமைப்புகளைப் பற்றியும் ஆய்வு செய்ய விரும்பும் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் வழி கேட்டு வருவதுண்டு. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இரவில் போங்கள் என்பதுதான். பகலில் அந்த மனிதர்கள் மூட்டை தூக்குபவராக, மீன்பாடி வண்டி ஓட்டுபவராக, பூ விற்பவராக, பழைய காகிதம் பொறுக்குபவராக நம்மைக் கடந்து போவார்கள். கடைகள் சாத்திய பிறகுதான் அவர்களுக்கு வீடில்லை என்பது தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அவர்களைப் பிப்ரவரி 28 இரவில்தான் எண்ணினார்கள். மேம்பாலத்தின் அடியில், ரயில்வே பிளாட்பாரத்தில், கோயில் மண்டபத்தில், ராட்சதக் குழாய்களுக்குள் என நாடு முழுவதும் ஏறக்குறைய 17.7 லட்சம் பேர்.

உழைக்காததால் தெருவுக்கு வந்தவர்கள் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். சென்னையில் பாரிமுனை, வால்டாக்ஸ் சாலை, யானைகவுனிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே வாழும் குடும்பங்கள் உண்டு. பிழைப்பு அங்கே இருப்பதால் படுக்கையும் அங்கே. பெரும்பாக்கம் போன்ற நகரத்தின் ஓர இடங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள் வேலையையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் இழந்து தவித்ததற்குக் காரணம் இதுதான். பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், உயிர் வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்றது.

தெருவில் நீங்கள் சந்திக்கும் பெரிய பசி வயிற்றுப்பசி மட்டுமன்று. முகவரி இல்லாதவருக்கு ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, முதியோர் உதவித்தொகை ஒவ்வொன்றும் மலையேற்றம். வழிகள் இருந்தும் அவரிடம் யாரும் சொல்வதில்லை. வீடற்றவர் வாக்காளராகப் படிவம் 6 கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் அவர் சொல்லும் இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் சென்று பார்க்க வேண்டும். அவர் அங்கே உறங்குவது உறுதியானால், முகவரிச் சான்று கேட்கக் கூடாது. தேர்தல் ஆணையத்தின் விதி இது.

இனி அமைப்புகள். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்குப் பணம் ஒதுக்கியது. சென்னையில் மாநகராட்சியின் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய பேன்யன் அமைப்பு, தெருவில் அலைந்த மனநலம் குன்றிய பெண்களுக்கு அடைக்கலம் தந்தது. சிகிச்சையோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. குடும்பத்துக்குத் திரும்ப முடியாதவர்கள் சிலர் சேர்ந்து சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டில் வாழ வழி செய்தார்கள். உதவி எதில் முடிய வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

ஆகவே ஓர் அமைப்பிடம் போனால் எத்தனை பொட்டலம் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எத்தனை பேருக்கு ஆதார் எடுத்துக் கொடுத்தீர்கள்? எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள்? எத்தனை பேர் வாடகை வீட்டுக்குப் போனார்கள்? கணவன், மனைவி, பிள்ளைகள் பிரியாமல் தங்க இடம் உண்டா? தட்டுமுட்டுச் சாமான்களை எங்கே வைப்பார்கள்? பிறகு அதே கேள்விகளைத் தெருவில் படுத்திருப்பவரிடமும் கேளுங்கள். காப்பகம் இருந்தும் ஏன் போகவில்லை என்பதற்கு அவர் சொல்லும் பதில்தான் உங்கள் ஆய்வின் உயிர். பெயரைக் கேட்டு, மரியாதையோடு பேசுங்கள். சம்மதம் இல்லாமல் படம் எடுக்காதீர்கள். தூங்குகிறவரை எழுப்பாதீர்கள்.

ஆய்வு செய்யாதவர்களுக்கும் கடமை உண்டு. தெருவில் தனியே ஒரு குழந்தையைக் கண்டால் 1098ஐ அழையுங்கள். மனநலம் குன்றி அலைபவரைக் கண்டால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்; அவரைக் காப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்வது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி காவல்துறையின் பொறுப்பு. பிறந்தநாளுக்கு அன்னதானம் செய்பவர்களே, தாராளமாகச் செய்யுங்கள். அடுத்த முறை போகும்போது ஒரு படிவம் 6ஐயும் ஒரு பேனாவையும் கொண்டு போங்கள். சோறு ஒரு வேளைக்கு. முகவரி ஓர் ஆயுளுக்கு.