சுழலும் முக்கோணம்

மோட்டார் வண்டியின் என்ஜின் என்றதும், உருளைக்குள் மேலும் கீழும் இயங்கும் பிஸ்டனே நம் நினைவிற்கு வரும். ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெல், அதற்கு மாறாகச் சுழன்று இயங்கும் முக்கோண உறுப்பொன்றை அமைத்தார். 1957-இல் அவ்வகை என்ஜின் முதன்முதலாக இயங்கிற்று. ஆயினும், முக்கோணத்தின் முனைகளில் பொருத்திய அடைப்புப் பட்டைகள் உட்சுவரைக் கீறிக் கெடுத்தன. ஜப்பானின் மாஸ்டா நிறுவனத்தார் அயராது முயன்று அக்குறையைக் களைந்தனர். 1991-இல், பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், நான்கு சுழலிகள் பூண்ட அவர்களது 787பி வண்டி வாகை சூடியது.

இன்று கணினிப் பந்தய விளையாட்டில் அவ்வண்டியை எவரும் ஓட்டலாம். யானும் ஓட்டினேன், பிஸ்டன் வண்டிகளின் உறுமலினின்று வேறான அதன் கூரிய முழக்கத்தைக் கேட்டு மகிழ்ந்தேன். ஆனால், நான் கண்ட திரையில் பட்டை தேயவில்லை. சுவரில் கீறல் விழவில்லை. எத்தனை தோல்விகளைக் கடந்து அம்முழக்கம் பிறந்தது என்பதை அறிந்து ஓட்டுவோர்க்கே அவ்வெற்றியின் அருமை விளங்கும்.