படிவம் ஐந்துக்கு முந்திய விடுமுறை

என்னிடம் ஆறாம் ஆண்டில் பயின்ற மாணவி அடுத்துப் படிவம் ஐந்துக்குச் செல்கிறாள். ஆண்டிறுதி விடுமுறை முழுவதும் அவளை டியூசனுக்கு அனுப்ப, தாயார் நகையை அடகு வைக்கவும் அணியமாக இருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப்புள்ளியில் தேர்வு அடைவுநிலைக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. அந்தப் பத்தைப் பெற்றோர் பலர் பொருட்படுத்துவதே இல்லை. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகியவற்றின் சான்றிதழ்களை இப்பொழுதே தேடித் தொகுக்கச் சொன்னேன். காணாமற்போனவற்றைப் பள்ளி திறந்ததும் பொறுப்பாசிரியரிடம் கேட்கலாம், எஸ்.பி.எம். முடிந்தபின் என்றால் அலைச்சல்தான். கணிதத்தில்தான் தடுமாறுகிறாளாம். அதற்கு மட்டும் வகுப்பு போதும். படிவம் நான்கின் பாடங்களும் தேர்வில் வருமாதலால் அவற்றை வீட்டிலேயே மீள்பார்வை செய்யட்டும்.

“தமிழ்மொழித் தாளை எடுக்கிறாள்தானே?” என்று வினவினேன்.

“அவள் அப்பா வேண்டாம் என்கிறார், டீச்சர்.”

இவ்வாரம் அவரைக் காணச் செல்கிறேன்.