மூணு கால் மோகம்!

எங்க வீட்டு ஹாலில் பழைய சிமென்ட் தரை பாஸ்... மேடும் பள்ளமுமா இருக்கும். பாட்டி உட்காருகிற நாலு கால் ஸ்டூல் எப்பவும் 'டக் டக்'தான். மெக்கானிக்கல் படிக்கிற பேரன் சும்மா இருப்பானா?

அப்பதான் டென்மார்க் ஆர்க்கிடெக்ட் ஆர்னே யாகப்சனைப் பற்றிப் படித்தேன். 1952-ல் நோவோ மருந்து கம்பெனி கேன்டீனுக்காக அவர் வடிவமைத்த நாற்காலியின் பெயர், 'எறும்பு'. இடுப்பு அப்படிச் சிறுத்திருக்கும். முதுகும் இருக்கையும் வளைத்த ஒரே ப்ளைவுட். கீழே மெல்லிய ஸ்டீல் கால்கள், மூணே மூணு! மூணு புள்ளிகள் எப்பவும் ஒரே தளத்தில்தான் இருக்கும். அதனால் எந்தத் தரையிலும் ஆடாது. அடடா, நம்ம ஹாலுக்கே செஞ்ச மாதிரி!

தச்சர் அண்ணனைக் கெஞ்சி, மூணு கால் ஸ்டூல் ஒன்று செய்தேன். ஆடவே இல்லை. மூணாம் நாள், வெற்றிலைப் பெட்டியை எடுக்கப் பாட்டி பக்கவாட்டில் சாய... ஸ்டூலும் சாய்ஞ்சிருச்சு. நல்லவேளை, அம்மா பிடிச்சுட்டாங்க. எடை அந்த முக்கோணத்தைத் தாண்டினால் கவிழும். நானே எக்ஸாமில் எழுதி மார்க் வாங்கின விஷயம்!

1971-ல் யாகப்சன் இறந்த பிறகு, எறும்புக்கு நாலு கால் மாடலும் வந்தது. 'அழகைக் கெடுத்துட்டாங்களே'னு முதலில் திட்டினேன். இப்ப வாபஸ்!

பழைய ஸ்டூல் திரும்ப வந்தாச்சு. ஒரு காலுக்கு அடியில் என் லேப் ரெக்கார்ட் அட்டை. பாட்டிதான் கேட்கிறாங்க... "அந்த மூணு காலை எங்கடா வெச்சே? பூந்தொட்டி வைக்கலாம்ல?"