கணக்கில் வராத துணி

பனியன் துணியைக் குறுக்குவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, இரு முனையையும் பிடித்து இழுத்தால் ஓரங்கள் மடங்கி, துண்டு முழுவதும் உருண்டு கயிறாகிவிடும். திருப்பூர்க்காரர் யாருக்கும் இது புதிதில்லை. பார்த்துப் பார்த்தே கண்ணில் படாமல் போன விஷயம். மூன்றரை வயதில் என் மகள் அதைத் தன் கையால் இழுத்தபோதுதான் நானும் அதை நின்று பார்த்தேன். "பாம்பு!" என்றாள். அடுத்த துண்டை இழுத்தாள், இன்னொரு பாம்பு. கழுத்துப் பட்டிக்குப் போகும் ரிப் துணியில் ஒரு துண்டு அவள் கையில் அகப்பட்டது. இழுத்தாள், திரும்பவும் இழுத்தாள். "இது பாம்பாக மாட்டேங்குதும்மா" என்று என்னிடம் நீட்டினாள்.

அவள் கண்டது சரி. சிங்கிள் ஜெர்சியில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே இழுவையில் நிற்பதில்லை. வெட்டுப்பட்டவுடன் ஓரம் ஒரு பக்கமாகச் சுருளும். ரிப்பில் இரண்டு பக்கமும் சமம், அதனால் படிந்து கிடக்கும். கட்டிங் டேபிளில் துணி விரிக்கிறவர்கள் நாள் முழுக்க இந்தச் சுருளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். டெக்ஸ்டைல் படிப்பில் இது ஒரு பாடம். குழந்தைக்கு அது கூடத்துத் தரையில், விளையாட்டாகவே வந்து சேர்ந்தது.

கடையில் விற்கும் கைவினைப் பெட்டிகளையும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கடைசியில் என்ன வரவேண்டும் என்பது மூடியிலேயே படமாக அச்சாகியிருக்கும். பையர் அனுப்பிய சாம்பிளுக்குப் பீஸ் தைக்கிற மாதிரி குழந்தை அந்தப் படத்துக்குச் செய்து முடிக்கும். துண்டுத் துணிக்கு மூடியும் இல்லை, படமும் இல்லை. எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

சும்மா கிடைக்கும் என்று மட்டும் நினைக்கவேண்டாம். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊரில் கட்டிங் வேஸ்டுக்கும் கிலோக் கணக்கில் விலை உண்டு. வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஒரு விலை. குடோன்களில் பெண்கள் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். பிரித்ததைப் பஞ்சாக்கி ஓப்பன் எண்ட் மில்லில் மறுபடி நூலாக்கினால் சாயம் போடாமலே அந்தந்த நிறத்தில் நூல் கிடைக்கும். கொஞ்சம் மெஷின் துடைக்கப் போகிறது, கொஞ்சம் மிதியடியாகிறது. வேலைக்குப் போகிறவர்கள் ஒரு துண்டைக்கூட வெளியே எடுத்துவர முடியாது. கேட்டில் பையைச் சோதித்துத்தான் அனுப்புவார்கள். நாங்கள் வேஸ்ட் கடையில் எடைபோட்டு வாங்குகிறோம். நூல் சுற்றி முடிந்த காகிதக் கோன்களும் அங்கேயே கிடைக்கின்றன. அவை கோபுரமாகும், ராக்கெட்டாகும், பொம்மையின் பாவாடையாகும்.

அப்படி வாங்கிவரும் மூட்டையில் எனக்கு மிகவும் பிடித்தது வட்டத் துண்டுகள். துணியின் கனம் பார்க்க ஜி.எஸ்.எம். கட்டர் வைத்து அழுத்தித் திருகினால் உள்ளங்கை அளவில் ஒரு வட்டம் வெட்டுப்பட்டு வரும். சரியாக 100 சதுர சென்டிமீட்டர். அதை எடைபோட்டு, வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை தெரிந்துவிடும். கணக்கு முடிந்ததும் வட்டம் வேஸ்டில் விழும். என் மகளிடம் வந்தால் அது தோசை, நிலா, அப்பத்தாவின் முகம். கண்ணுக்குக் கறுப்புத் துண்டு, பொட்டுக்குச் சிவப்பு. மைதாவைக் காய்ச்சிய பசை போதும். பின்னலாடைத் துணி, தறித்துணி மாதிரி ஓரத்தில் பிரிந்து நூல் நூலாகத் தொங்காது. மடித்துத் தைக்காமலே ஒட்டலாம், முடிச்சுப் போடலாம். சின்னக் கைகளுக்கு இதைவிட ஒத்துப்போகும் துணி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரே ஒரு சிரமம் உண்டு. குழந்தைகளின் மழுங்கிய கத்தரி பனியன் துணியில் ஏறாது. துணி நெகிழ்ந்து இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கிக்கொள்ளும். ஒருவர் இரண்டு கையாலும் விறைப்பாக இழுத்துப் பிடித்தால்தான் இன்னொருவர் வெட்டமுடியும். ஆகவே நான் பிடிக்கவேண்டும், அவள் வெட்டவேண்டும். அலகு துணியைக் கவ்வும் அதிர்வு என் விரல்களுக்கும் வரும். பிடி தளர்ந்தால் உடனே தெரிந்துவிடும். "அம்மா, கெட்டியாப் புடி!" அந்த நேரத்தில் போன் எடுக்க முடியாது, அடுப்பைப் பார்க்கப் போக முடியாது. குழந்தையோடு நேரம் செலவழியுங்கள் என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். அதை வாயால் சொல்லாமல் நம் இரண்டு கையையும் கட்டிப்போட்டுச் செய்யவைக்கிறது இந்தத் துணி.

எங்கள் வீட்டில் அத்தை, அதாவது என் மகளின் அப்பத்தா, இதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. பத்து வயதில் டெய்லருக்கு உதவியாளாக, கை மடிக்கப் பனியன் கம்பெனிக்குள் போனவர் அவர். பிறகு செக்கிங், பிறகு வயது. இப்போது வீட்டிலேயே பண்டல் வாங்கிப் பிசிறு வெட்டுகிறார், பீஸ் ரேட்டுக்கு. பேத்தி கத்தரியும் துணியுமாக உட்கார்ந்ததைப் பார்த்தவர், "இவளுக்கு எதுக்கு அம்மிணி இந்தக் கத்தரியெல்லாம்? நாம புடிச்சது பத்தாதா?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்த ஊரில் குழந்தையின் கையும் துணியும் சேர்ந்தால் நினைவுக்கு வருவது விளையாட்டு அல்ல. இங்கே எத்தனையோ வீடுகளில் ஒரு தலைமுறையின் படிப்பு, கை மடிப்பதிலும் பிசிறு வெட்டுவதிலும் போயிருக்கிறது. கம்பெனி வாசல்களில் இன்று குழந்தைத் தொழிலாளர் இல்லை என்ற பலகை தொங்குகிறது. ஆனால் வீட்டு வாசலில் பலகை இல்லை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவையும் திறந்துவைத்தார்கள். அப்பத்தாவின் பண்டலும் பேத்தியின் துண்டுத் துணியும் ஒரே பாயில் கிடக்கிற வீட்டில் அந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது.

இந்தக் கவலை எங்கள் வீட்டோடு தொடங்கியதும் அல்ல. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் நடக்கவேண்டும், பிள்ளைகள் செய்த பொருளை விற்று வாத்தியார் சம்பளத்தையும் ஈடுகட்டலாம் என்றார். முதல் பாதி இன்றைக்கும் எனக்கு உடன்பாடு. இரண்டாவது பாதியில்தான் வழுக்கல். வருமானம் முன்னால் வந்து கல்வி பின்னால் போகும் ஆபத்து உண்டென்று அந்தத் திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழுவே தன் அறிக்கையில் எச்சரித்தது. எத்தனை, எவ்வளவு என்று எண்ணத் தொடங்கினால் குழந்தையின் கை வேறு வேலைக்கு மாறிவிடும்.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு கோடு கிழித்திருக்கிறோம். அப்பத்தாவின் பண்டலைப் பாப்பா தொடக்கூடாது, ஆசைப்பட்டாலும் கூடாது. "கம்பெனி பீஸு கண்ணு, அது வேண்டாம்" என்று அத்தையே சொல்லிவிடுகிறார். பாப்பாவின் துணியில் நாங்கள் யாரும் திருத்தம் செய்வதில்லை. அவள் செய்ததை எண்ணுவதில்லை, விற்பதில்லை, போட்டிக்கு அனுப்புவதில்லை. பாதியில் விட்டுவிட்டு ஓடினால் பாதியிலேயே கிடக்கும்.

அத்தை மாறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மஞ்சள் கரைத்த தண்ணீரில் வெள்ளைத் துண்டுகளை முக்கிக் காயவைத்திருந்தோம். அவர் எழுந்துபோய் வெற்றிலைச் சுண்ணாம்பை விரல் நுனியில் கொஞ்சம் கரைத்து வந்து, ஒன்றும் சொல்லாமல் துணியில் ஒரு புள்ளி வைத்தார். மஞ்சள் அந்த இடத்தில் சிவந்தது. ஆரத்திச் சிவப்பு. பாப்பா வாயைப் பிளந்தாள். அப்பத்தா புள்ளிக்கோலமே போட்டார். எலுமிச்சையைப் பிழிந்தால் அது மறுபடி மஞ்சளாகும் என்று நான் காட்டினேன். வெயிலில் இரண்டொரு நாளில் அந்தச் சாயம் வெளுத்துவிடும். வெளுத்தால் இன்னொரு தரம் போட்டுக்கொள்ளலாம். ஷேடு பார்க்க இங்கே யாரும் வரப்போவதில்லை. கத்தரியைப் பற்றி அத்தை அதன் பிறகு பேசவில்லை.

விலை போடாத கைவேலைக்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய முன்மாதிரி இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம், கடலோரக் கிராமப் பெண்களுக்குத் துண்டுத் துணியில் குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று பெயர். செய்த பெண்களுக்குக் கூலி உண்டு, ஆனால் பொம்மைக்கு விலை கிடையாது. அன்பளிப்பாகவே உலகமெங்கும் போனது. இத்தாலியில் ரெஜியோ எமிலியா என்ற ஊர் இன்னும் ஒரு படி மேலே. சிறுபிள்ளைக் கல்விக்குப் பேர்போன அந்த ஊரில் 1996 முதல் ரெமிதா என்ற மையம் இருக்கிறது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் கழித்த அட்டை, துணி, மரம், பிளாஸ்டிக் எல்லாம் அங்கே வந்து சேரும். பள்ளிகள் வந்து வேண்டியதை எடுத்துப் போகும்.

திருப்பூருக்கு அப்படி ஒரு மையம் வரும்போது வரட்டும். அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை. கம்பெனி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவிலேயே ஓர் அங்கன்வாடி இருக்கும். அதில் உங்களிடம் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். மாதம் ஒரு சின்ன மூட்டை அங்கே கொடுத்தனுப்புங்கள். உள்ளங்கையைவிடப் பெரிய துண்டுகளாக, நாலைந்து நிறமாக, காலிக் கோன் பத்தும் சேர்த்து. பட்டன், ஊசி, ஜிகினா வேண்டாம். சிறு பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். எண்ணெய் பட்ட துணியும் வேண்டாம். எடை போடாமல் கொடுங்கள்.