அப்பாவின் ரெண்டு கலர்!

விருத்தாசலம்னா உங்களுக்குப் பழமலைநாதர் கோயில் ஞாபகம் வரும். எங்க வீட்டுக்குப் பீங்கான்தான். பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவது அப்பாவின் வேலை. கோபால்ட் ஆக்சைடு பூசும்போது கறுப்பு. சூளையிலிருந்து வெளியே வந்தால் பளீர் நீலம். இரும்பு ஆக்சைடு பழுப்பு. 'நெருப்புல போய் வந்தாதாம்மா எது என்னன்னு தெரியும்' என்பார்.

அந்த அப்பாவுக்குப் போன வருஷம் மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். மூணே மாசத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார். 'அதான் குழாய் அடைப்பு போயிடுச்சே, அப்புறம் எதுக்கு?' லேப் டெக்னாலஜி படிக்கிற எனக்கே சட்டுன்னு பதில் வரலை.

பதில் கிடைத்தது பேதாலஜி லேபில். இறந்துபோன ஒருவரின் இதயத் தமனி, மெழுகில் பதித்து மெல்லிசாகச் சீவியது. அதில் மேக்ரோஃபேஜ் என்கிற எதிர்ப்பு செல்களைத் தேடணும். முதலில் சிட்ரேட் கரைசலில் ஸ்லைடைச் சூடாக்கணும். ஆமா, பிரஷர் குக்கரில்தான்! பிறகு, அந்த செல்களில் இருக்கும் சிடி68 புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி. அதன் மேல் ஒரு என்ஸைம். கடைசியாக டிஏபி விட்டால், என்ஸைம் இருக்கும் இடம் மட்டும் பழுப்பாகும். உட்கருக்களுக்கு ஹெமடாக்சிலின் நீலம். அப்பாவோட அதே ரெண்டு கலர்!

முதல் ஸ்லைடு சொதப்பல். எங்கும் பழுப்பு. ஆன்டிபாடி விடாத கன்ட்ரோல் ஸ்லைடிலும் பழுப்பு! ஹைட்ரஜன் பெராக்சைடு விட மறந்திருந்தேன். சிவப்பணுக்களே நிறம் காட்டிவிட்டன.

ரெண்டாவது முறை தெளிவாகத் தெரிந்தது. கொழுப்பைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாகப் பழுப்பு. கொழுப்பைத் தின்று நுரைபோல வீங்கிய செல்கள். காப்பாற்ற வந்தவை, அங்கேயே தங்கிப் புண்ணை வளர்க்கின்றன. 1986-லேயே ஸ்வீடனின் லேனா யோனாசன், யோரன் ஹான்சன் குழு, கழுத்துத் தமனிகளில் இவற்றையும் டி-செல்களையும் இப்படி நிறமேற்றிக் காட்டியது. 2017-ல் கேன்டோஸ் ஆய்வில், கொலஸ்ட்ராலைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் அடக்கும் மருந்தே மாரடைப்பைக் குறைத்தது. அப்படின்னா இது வெறும் குழாய் அழுக்கு இல்லை, உயிருள்ள புண்.

மேடத்திடம் கேட்டு, செல்போனில் படம் எடுத்து அப்பாவிடம் காட்டினேன். 'ஸ்டென்ட் ஒரு இடத்துலதான்ப்பா. மத்த இடத்துலயும் இதுங்க இருக்கலாம். மாத்திரை அதுக்குத்தான்.'

ரொம்ப நேரம் உத்துப் பார்த்தார். 'கலர் நல்லா ஏறியிருக்கும்மா' என்றார்.

மறுநாள் காலை, நான் எழுந்திரிக்கும் முன்பே சட்டை போட்டு ரெடியா இருந்தார், டாக்டரிடம் போக.