முள் ஏறாத ஊர்

செப்டம்பர் 30, 2023. எட்மன்டன்

காலையில் புல்லின் மேல் வெள்ளை படிந்திருந்தது. விரலால் தொட்டால் உருகிவிடும் அளவுதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்ததும் தோட்டத்துக் குழாயைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார். உக்ரைன் வம்சாவளி, இந்த ஊரிலேயே எழுபது குளிர்காலம் பார்த்தவர். அவர் சுருட்டினால் நானும் சுருட்ட வேண்டும். மூன்று வருடத்தில் நான் கற்றது இது.

சுருட்ட எனக்குக் குழாய் இல்லை. பிக்கப் இருக்கிறது. ஜூலையில் வாங்கியது, 2012 மாடல், டீசல். இங்கே இந்த ரகத்தை முக்கால் டன் என்பார்கள். (அந்தக் கணக்கை நம்பி யாரும் லோடு ஏற்றுவதில்லை; அது பழைய காலத்துப் பெயர்.) வெல்டிங் மெஷினையும் கேஸ் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு நிஸ்கு தொழிற்பேட்டைக்குப் போய்வர இதுதான் தோது. போன வருடம் வரை சின்ன பெட்ரோல் கார் வைத்திருந்தேன். டீசலோடு எனக்கு இது முதல் குளிர்காலம்.

அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். சங்ககிரியில் முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். எந்த வண்டியானாலும் முதலில் டயரைத்தான் பார்ப்பார். இன்று கிரில்லுக்கு வெளியே தொங்கிய பிளக்கில் கண் நின்றுவிட்டது.

"அதென்ன சாமி, வண்டிக்கு மூஞ்சியில வாலு?"

"கரண்ட் குடுக்கறதுங்ப்பா. எஞ்சினுக்குள்ள ஒரு ஹீட்டர் இருக்குது. ராத்திரி செவுத்துல சொருகிட்டா காலையில ஸ்டார்ட் ஆகும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்கெல்லாம் எஞ்சினக் குளுத்தியா வெக்கறதுக்குத்தான் சம்பளம் வாங்குனோம்" என்றார்.

அக்டோபர் 7

அந்த வாலைச் சோதித்தேன். சுவரில் சொருகிப் பத்து நிமிடம் கழித்து எஞ்சினருகே காதை வைத்தால், பால் பொங்குவதற்கு முன் பாத்திரத்தின் அடியில் ஒரு இரைச்சல் கேட்குமே, அது கேட்க வேண்டும். கேட்கவில்லை. மீட்டரை எடுத்தேன். 120 வோல்ட்டில் 750 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 19 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை. வயரைக் கழற்றிவிட்டு ஹீட்டரின் முனைகளிலேயே வைத்துப் பார்த்தேன்: 19. உள்ளே உயிர் இருக்கிறது, வால்தான் செத்திருக்கிறது. பிளக்கைப் பிளந்தால் செம்பெல்லாம் பச்சைப் பூத்துக் கிடந்தது. சாலையில் போடும் உப்பின் வேலை. புது வயர் போட்டேன், அரை மணி நேரம் ஆனது. முன்பு வைத்திருந்தவர் எத்தனை குளிர்காலம் இந்தச் செத்த வாலைச் சுவரில் சொருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாரோ! கராஜுக்குள் நிறுத்தியிருப்பார், இல்லாவிட்டால் தெரிந்திருக்கும்.

எஞ்சினுக்கு ஹீட்டர் வைக்கும் யோசனை நார்த் டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ்காரர் ஆண்ட்ரூ ஃப்ரீமனுடையது. துணி தேய்க்கும் பெட்டியின் சூட்டுக் கம்பியையும் செம்புக் குழாயையும் வைத்து முதல் ஹீட்டரைச் செய்தவர், 1949-ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் இந்தப் பக்கத்து விவசாயிகள் ராத்திரி ஆயிலை வடித்து வீட்டுக்குள் அடுப்போரம் வைத்து, காலையில் திரும்ப ஊற்றுவார்களாம். கறவை மாட்டைப் பார்ப்பதுபோல் வண்டியைப் பார்த்திருக்கிறார்கள்.

ராத்திரி முழுக்கச் சொருகி வைக்கத் தேவையில்லை. நான்கு மணி நேரம் போதும். அதற்கு மேல் போவது கரண்ட் பில்லுக்கு. வெளிப்புற டைமர் ஒன்று வாங்கினேன். எக்ஸ்டென்ஷன் வயரும் குளிருக்கென்றே செய்த ரப்பர் உறை போட்டதுதான். சாதாரண வயர் மைனஸ் முப்பதில் மூங்கில் குச்சி மாதிரி விறைத்து, மடக்கினால் வெடித்துவிடும்.

அக்டோபர் 14

ஆயில் மாற்றினேன். வண்டியோடு வந்தது 15டபிள்யூ40, சங்ககிரியில் எந்த ஆயில் கடையிலும் முன்வரிசையில் நிற்கும் அதே டப்பா. அந்த டபிள்யூவை நான் வெகுகாலம் 'வெயிட்' என்று நினைத்திருந்தேன். அது விண்டர். முன்னால் 15 இருந்தால் மைனஸ் 20 வரை, 5 இருந்தால் மைனஸ் 30 வரை, 0 இருந்தால் மைனஸ் 35 வரை எஞ்சினைச் சுழலவிடும் இளக்கம் இருக்கிறதா என்று சோதித்துப் போடும் எண். நம் ஊர் ஆயிலை இங்கே ஜனவரியில் வைத்தால் கம்பிப் பதம் தாண்டிய வெல்லப்பாகுதான். 5டபிள்யூ40 சிந்தெடிக் ஊற்றினேன்.

அடுத்தது கூலண்ட். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உறையாமல் காப்பது எத்திலீன் கிளைக்கால். ஆனால் அதைத் தனியாக ஊற்றினால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும். தண்ணீர் சரிபாதி சேர்ந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். ஆறுக்கு நான்கு என்றால் மைனஸ் 50 பக்கம் போகும். தனித்தனியாக இரண்டும் உறைகிற பொருட்கள், சேர்ந்தால் ஒன்றையொன்று உறையவிடுவதில்லை. ஆறுக்கு நான்கு கலந்து ஊற்றினேன்.

அப்பாவின் ரேடியேட்டரில் இருந்தது வெறும் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர், டீக்கடைத் தண்ணீர், ஒருமுறை ஏதோ கோவில் தெப்பக்குளத்துத் தண்ணீர். சேலத்திலிருந்து தர்மபுரிக்குத் தொப்பூர் கணவாய் ஏறும்போது, கிளீனர் பையனாக இருந்த காலத்தில், அவருக்கு ஒரே வேலைதான்: சூட்டு முள்ளைப் பார்ப்பது. முள் சிவப்பைத் தொட்டதும் "அண்ணா, பொங்கப் போகுது!" என்று கத்தவேண்டும்; வண்டி நிற்பதற்குள் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைக்கவேண்டும். ரேடியேட்டர் மூடியை அவசரத்தில் திறந்த தழும்பு இன்னும் அவர் வலது முழங்கையில் இருக்கிறது.

அக்டோபர் 27

இந்த வாரம் பனி விழுந்து நின்றுவிட்டது. குளிர்கால டயர் மாட்டினேன். டயரின் பக்கத்தில் மூன்று முகட்டு மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்க வேண்டும், அதுதான் அடையாளம். கியூபெக்கில் சட்டமே இருக்கிறது. ஆல்பர்ட்டாவில் அவரவர் புத்தி. ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப்போய் ரோட்டைப் பிடிக்காது.

பிக்கப்பின் கோளாறு வேறு. எஞ்சின் பாரமெல்லாம் முன்னால். பின்னால் காலித் தொட்டி. மெஷின் இல்லாத நாளில் சிக்னலில் கிளம்பினால் பின்பக்கம் நாட்டியம் ஆடும். முப்பது கிலோ மணல் மூட்டை ஐந்து வாங்கி, சரியாகப் பின் ஆக்ஸிலுக்கு மேலே அடுக்கி, நகராமல் கட்டினேன். கடைசியில், கதவோரம் போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். சிக்கிக்கொண்டால் அதே மணலை அவிழ்த்துச் சக்கரத்தடியில் போடலாம்.

"காசு குடுத்து மணல் வாங்கி, சும்மாவே ஏத்திக்கிட்டு ஓட்டறயா?" என்றார் அப்பா. லாரிக்காரருக்கு இதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

நவம்பர் 18

ஒரு வாரமாக முள் ஏறவில்லை.

நிஸ்குவுக்கு அரை மணி நேர ஓட்டம். வெளியே மைனஸ் பன்னிரண்டு. சூட்டு முள் கால்வாசிக்குக் கீழே படுத்தே கிடக்கிறது. ஹீட்டர் காற்று மூச்சுவிட்ட மாதிரி வருகிறது. ஒரு பட்டறையில் கேட்டேன். ஹீட்டர் கோர் போய்விட்டது, டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்று சொல்லி 1,400 டாலர் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். "தெர்மோஸ்டாட் இருக்குதா? அதக் கழட்டி வீசு மொதல்ல" என்றார் உடனே.

அவர் காலத்துச் சங்ககிரிப் பட்டறைகளில் புது லாரிக்கு நடந்த முதல் சடங்கே அதுதான். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுக்கிற கதவு அது. நம் வெயிலில் அந்தக் கதவு ஒரு நாள் திறக்காமல் போனால் எஞ்சின் போச்சு. அதனால் கதவையே எடுத்துவிடுவார்கள். எடுத்த வண்டி எப்படி ஓடும்? முள் ஏறவே ஏறாது.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. என் வண்டி கதவில்லாத வண்டி மாதிரிதானே ஓடுகிறது! மாலையில் கழற்றிப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் திறந்த வாய் மூடாமல் சிக்கிக் கிடந்தது. புதிது அறுபது டாலர். மாட்டியதும் பத்துக் கிலோமீட்டரில் முள் நடுவுக்கு வந்து நின்றது. ஹீட்டர் காற்றில் கை சுட்டது. அப்பா சொன்ன வைத்தியம் தலைகீழ். நோய் மட்டும் சரியாகச் சொல்லிவிட்டார்.

கூடவே கிரில்லுக்கு ஒரு உறையும் வாங்கி மாட்டினேன், நடுவில் சின்ன மடிப்பு வைத்தது. குளிர்ந்த காற்று ரேடியேட்டரில் அறையாமல் இருக்க. மைனஸ் பத்துக்கு மேல் வெயில் வந்தால் மறக்காமல் மடிப்பைத் திறக்க வேண்டும். ரேடியேட்டரின் வாயைத் துணியால் கட்டிய படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. அம்மாவிடம் காட்டித் திட்டினாராம்.

டிசம்பர் 3

கராஜ் மூலையில் ஆகஸ்டில் நிரப்பிய டீசல் கேன் ஒன்று, இருபது லிட்டர். வெல்டிங் ஜெனரேட்டருக்கு வைத்தது. அதுதான் என் வீட்டிலிருக்கும் ஒரே வெடிகுண்டு.

டீசலுக்குள் மெழுகு இருக்கிறது. குளிரக் குளிர முதலில் கலங்கும், பிறகு மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும், பிறகு நெய் உறைந்த மாதிரி ஆகிவிடும். அதனால் சுத்திகரிப்பு ஆலைகள் பருவத்துக்கு ஏற்பக் கலவையை மாற்றுகின்றன. டிசம்பரில் இங்கே பம்பில் வருவதும் ஆகஸ்டில் வந்ததும் ஒன்றல்ல. ஆகஸ்டுச் சரக்கை ஜனவரியில் ஊற்றினால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். உறையாமலிருக்க விற்கும் மருந்தும் முன்கூட்டியே கலந்தால்தான் வேலை செய்யும். உறைந்தபின் ஊற்றிப் பயனில்லை. இன்று மைனஸ் மூன்றுதான். கேனில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்கால டீசலோடு கலந்து ஓட்டித் தீர்க்கிறேன்.

அப்பாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஆப்பிள் லோடுக்காகக் காஷ்மீர் போனபோது, பனிஹால் பக்கம் ரோடு அடைத்து இரண்டு ராத்திரி நின்றிருக்கிறார். மூன்றாம் நாள் ஒரு வண்டியும் கிளம்பவில்லை. வரிசையாக எல்லா டிரைவர்களும் டீசல் டேங்குக்கு அடியில் தீ மூட்டினார்களாம்.

"டேங்குக்கு அடியில தீயாங்ப்பா?"

"பின்ன? மேலயா மூட்டுவாங்க?"

லடாக்குக்கு இந்தியன் ஆயில் மைனஸ் 33 வரை இளகியிருக்கும் டீசலை 2019 நவம்பரில்தான் கொண்டுவந்தது. அதுவரை தீதான்.

என் வண்டிப் புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும், அது மைனஸ் 11-லேயே உறையும், அதை உருக்க அந்தத் தொட்டிக்குள்ளும் ஒரு ஹீட்டர் இருக்கிறது என்றேன். "வயலுக்குப் போடற யூரியாவா?" என்று மூன்று தடவை கேட்டார்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். வாசலில் புல் தெரிகிறது. இப்படி ஒரு டிசம்பரைப் பார்த்ததில்லை என்கிறார் பெரியவர். இவ்வளவு செலவழித்தது வீண் என்று மனைவி சிரிக்கிறாள். பேட்டரி இரண்டையும் சோதித்ததில் ஒன்று பலவீனம். டீசலில் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்று கிழமானால் புதியதையும் இழுத்துவிடும். மைனஸ் 18-ல் பேட்டரியின் இழுவை பாதிக்கும் கீழே போகும். அப்போதுதான் எஞ்சின் இரண்டு மடங்கு கேட்கும். சார்ஜ் இறங்கிய பேட்டரிக்குள் இருப்பது ஏறக்குறைய தண்ணீர், அது உறைந்து பெட்டியையே பிளந்துவிடும். மாற்றிவிட்டேன். அவளிடம் இன்னும் விலை சொல்லவில்லை.

ஜனவரி 13, 2024

நான்கு நாளில் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. இன்று விடிகாலை விமான நிலையத்தில் மைனஸ் 45-ஐத் தாண்டியது. மூக்குமுடி உள்ளே குத்துகிறது. டைமரை எடுத்துவிட்டேன், வண்டி நேற்றிலிருந்து சுவரோடுதான் இருக்கிறது.

மாலை 6.44. இரண்டு போனும் டிவியும் ஒரே நேரத்தில் அலறின. மாகாண அவசர அறிவிப்பு: மின்சாரத்தை உடனே குறைக்கவும், இல்லாவிட்டால் சுழற்சி முறை மின்வெட்டு வரலாம். மின்சாரக் கார்களுக்கு சார்ஜ் ஏற்றுவதையும் எஞ்சின் ஹீட்டர் சொருகுவதையும் தள்ளிப்போடச் சொன்னார்கள். மனைவிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. 2012-ல் சேலம் மாவட்டத்தில் குடியிருந்தவர்களுக்குச் சுழற்சி முறை மின்வெட்டைக் கனடாக்காரர் சொல்லித்தர வேண்டுமா?

வெளியே போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவரும் தன் வண்டியிடம் குனிந்திருந்தார். கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். பேச வாய் திறக்கிற குளிரில்லை. இப்படி மாகாணம் முழுக்கப் பிடுங்கியதில் சில நிமிடங்களிலேயே 150 மெகாவாட் இறங்கியதாகப் பிறகு செய்தியில் சொன்னார்கள். ஒன்பது மணிக்குமேல் திரும்பச் சொருகிவிட்டு, காதை வைத்துக் கேட்டேன். இரைந்தது.

அங்கே அது போகி காலை. அப்பா காப்புக் கட்டிக்கொண்டிருந்தார். பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் வாசலுக்கு ஒன்று, பட்டிக்கு ஒன்று, அண்ணன் லாரியின் முன்கம்பிக்கு ஒன்று.

ஜனவரி 15

நான்கரை மணி. க்ளோ பிளக் விளக்கு அணையும்வரை காத்திருந்தேன். அணைந்ததும் மறுபடி சாவியைத் திருப்பி இன்னொரு முறை காத்தேன். எஞ்சின் முனகியது, ஒரு சுற்று, இரண்டு, பிறகு பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் வெள்ளைப் புகை. சீட் பலகையாக இருந்தது. நகர்ந்ததும் டக், டக், டக். ராத்திரி நின்ற இடத்தில் டயர் தட்டையாகி விறைத்துப்போயிருந்தது. சதுரச் சக்கரம் என்பார்கள் இங்கே. இரண்டு கிலோமீட்டர் போனால் வட்டமாகிவிடும்.

நெடுஞ்சாலை ஏறும்போது அப்பா கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். அங்கே சாயங்காலம்.

"வண்டி எந்திரிச்சுதா?"

"எந்திரிச்சுதுங்ப்பா."

"முள்ளு?"

"இன்னும் அசையலீங்ப்பா."

"பாத்துக்கிட்டே ஓட்டு."

போனை வைக்கவில்லை. பின்னால் அம்மா ஏதோ கூப்பிடுவதும், யாரோ கரும்பு ஒடிப்பதும் கேட்டுக்கொண்டிருந்தது. நிஸ்கு திரும்பும் இடம் வந்தபோது முள் கால்வாசியைத் தாண்டியிருந்தது. சொன்னேன்.

"சரி, நான் வெக்கறேன். பொங்கச்சோறு ஆறிப்போச்சு."